சீனத்தின் ஐந்து நகரங்களும் ஒரு தமிழ்க் கல்லும்

நமது சங்க அங்கத்தவர்களில் ஓய்வு பெற்றோர் தொகை கூடக்கூட, தூர தேசப் பயணங்களைப் பற்றிய பேச்சும் கூடி வருகின்றது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதம் உண்ணும் வேளையில் காசி, இராமேசுவரம், கைலாயம் என்று நடக்கும் உரையாடலில் அண்மைக் காலமாகச் சீனமும் சேர்ந்துகொண்டுள்ளது. வழிகாட்டியுடன் கூட்டமாகச் சென்று பல நகரங்களைப் பார்த்துவரும் பயணம் ஒன்றில் நானும் என் மனைவியும் சேர்ந்து சென்று வந்தோம். அங்கு கண்டவற்றின் வரலாற்றுப் பின்னணியை எழுதித் தரும்படி நண்பர்கள் சிலர் கேட்டார்கள். ஹோட்டல் வசதி, கடைத்தெரு விலை ஆகியவற்றைப் பயண நிறுவனங்களின் விளம்பரத் தாள்களே நிறையச் சொல்லிவிடும். அவை சொல்லாமல் விடுகின்ற ஒரு விடயம் நம் போன்ற கோயிற் சங்கத்தாருக்கு மிகவும் வேண்டியது என்று எனக்குத் தோன்றியபடியால் இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

பெய்ஜிங்

எல்லாப் பயணங்களும் பெரும்பாலும் தலைநகரிலிருந்தே தொடங்குகின்றன. இங்குள்ள அரண்மனையை மிங் வம்சத்துப் பேரரசர் யொங்லே 1406இல் கட்டத் தொடங்கி 1420இல் முடித்தார். மிங், சிங் ஆகிய இரு வம்சங்களையும் சேர்ந்த 24 பேரரசர்கள் இங்கிருந்து ஆண்டனர். சாதாரணக் குடிமக்கள் உள்ளே காலடி வைக்க முடியாதிருந்த காரணத்தால் 'தடைசெய்யப்பட்ட நகரம்' என்ற பெயர் ஏற்பட்டது. 1925இல் அது அருங்காட்சியகமாகி, எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

நம்மவர்கள் தவறாமற் பார்க்க வேண்டியது அதே 1420இல் கட்டி முடிக்கப்பட்ட வானக் கோயில். வட்ட வடிவான மும்மாடக் கூரையுடன் 38 மீட்டர் உயரத்தில் நிற்கும் அதன் மண்டபத்தை 28 மரத் தூண்கள் தாங்குகின்றன. நடுவிலுள்ள நான்கும் நான்கு பருவங்களைக் குறிப்பன. அடுத்த பன்னிரண்டும் மாதங்களையும், வெளி வட்டத்துப் பன்னிரண்டும் ஒரு நாளின் பன்னிரு பொழுதுகளையும் குறிப்பன. 1889இல் இடி விழுந்து மண்டபம் எரிந்து போயிற்று. பழைய அமைப்பு மாறாமல் மறுபடியும் கட்டியுள்ளார்கள். நல்ல விளைச்சல் வேண்டிப் பேரரசர் இங்கு வழிபடுவார். மார்கழிக் குளிரில், சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாளில், திறந்த வெளியிலுள்ள வட்டப் பீடத்தில் வானத்துக்குப் பலியிட்டு வணங்குவார். உத்தராயணத்தையும் பொங்கலையும் கொண்டாடும் நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பெருஞ்சுவரைப் பற்றி ஒரு சொல். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஒரே அரசன் கட்டியது என்று பலர் எண்ணுகிறார்கள். நாம் இன்று ஏறி நடக்கும் கற்சுவர் பெரும்பாலும் மிங் காலத்தது, அதாவது 1368க்கும் 1644க்கும் இடைப்பட்டது. எல்லா வம்சங்களின் சுவர்களையும் சேர்த்து அளந்து 21,196 கிலோமீட்டர் என்று 2012இல் சீன அரசு அறிவித்தது. படிகள் ஒரே அளவில் அமையாமல் ஒன்று முழங்கால் உயரமும் அடுத்தது சாண் உயரமுமாக இருக்கும். மூட்டு வலியுள்ள அன்பர்கள் கம்பிவட வண்டியில் ஏறிச் செல்வதே உத்தமம். ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டைக் கெடுக்கும்.

ஸியான்

பழைய பெயர் சாங்கான். தாங் வம்சத்தின் தலைநகரம். 1974ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்நகருக்குக் கிழக்கே சில விவசாயிகள் கிணறு தோண்டினார்கள். மண்வெட்டியில் தட்டுப்பட்டது தண்ணீரல்ல, சுட்ட மண்ணாலான ஒரு தலை. கி.மு. 221இல் சீனத்தை ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங்கின் சமாதிக்குக் காவலாகப் புதைக்கப்பட்ட சேனை இப்படித்தான் வெளிப்பட்டது. ஏறக்குறைய 8,000 உருவங்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். ஒருவர் முகம் போல் இன்னொருவர் முகம் இல்லை. சாவை வெல்ல மருந்து தேடியவன் அந்த அரசன். கி.மு. 210இல் இறந்தான்; அவன் வம்சம் அதன்பின் நான்கு ஆண்டுகளுக்குள் முடிந்தது.

இதே நகரில் 652இல் எழுப்பப்பட்ட பெருங்காட்டு வாத்துக் கோபுரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. யுவான் சுவாங் என்று பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த துறவி பாரதத்திலிருந்து கொண்டுவந்த நூல்களைக் காப்பதற்காகக் கட்டப்பட்டது அது. 645இல் அவர் திரும்பி வந்தபோது 657 நூல்களைக் கொண்டுவந்தார். 664இல் இறக்கும் வரை அவற்றை மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் காஞ்சிபுரத்துக்கும் வந்தவர். பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் காலம் அது, ஏறக்குறைய கி.பி. 640. காஞ்சியில் நூறுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவிகளும் எண்பது தேவர் கோயில்களும் இருந்தன என்றும் சமணர் பலர் வாழ்ந்தனர் என்றும் எழுதி வைத்தார். அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேற எண்ணியிருந்தபோது, இலங்கையில் மன்னன் இறந்து குழப்பமும் பஞ்சமும் மூண்டுள்ளதாக அங்கிருந்து வந்த துறவிகள் கூறவே, பயணத்தைக் கைவிட்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. பல்லவர் காலக் காஞ்சியை நேரிற் கண்டு எழுதிய ஓர் அந்நியரின் சாட்சியம் இது. இதைக் காத்து வைத்திருந்தவர்கள் சீனர்கள் என்பதை நாம் நன்றியுடன் நினைக்க வேண்டும்.

சீனம் என்றதும் நம்மவர் வாயில் முதலில் வருவது போதிதர்மர் பெயர். அவர் காஞ்சி இளவரசர் என்றும், ஷாவோலின் மடத்தில் குங்ஃபூ கற்பித்தவர் என்றும் மேடைகளில் அடித்துச் சொல்லக் கேட்கிறோம். மருத்துவத் தொழிலில் நோயாளி சொல்வதையும் பரிசோதனை காட்டுவதையும் வேறு வேறாக வைத்துப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தால் இதையும் சிறிது பிரித்துப் பார்த்தேன். 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட லோயாங் மடங்களைப் பற்றிய நூல் அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. பழைய மற்றொரு குறிப்பு தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி என்ற ஊர்ப்பெயர் இவ்விரண்டிலும் இல்லை. தசைப் பயிற்சி நூலொன்று அவர் பெயரில் வெளிவந்தது 17ஆம் நூற்றாண்டில். அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளின் பின். ஆகவே தென்னாட்டவராக இருந்திருக்கலாம் என்பதற்கு இடமுண்டு. அதற்கு மேல் சொல்வது நம் ஆசை. பெருமைக்கு இந்த ஆசையை நம்பியிருக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை என்பதைக் கடைசி நகரத்தில் காண்போம்.

குயிலின்

கட்டடங்களைப் பார்த்துக் களைத்த கண்ணுக்கு மருந்து குயிலின். லி ஆற்றில் படகேறி யாங்ஷுவோ வரை செல்லும் பாதையில் இருபுறமும் பச்சைக் குன்றுகள் லிங்கம் லிங்கமாக எழுந்து நிற்கின்றன. சீனத்து 20 யுவான் நோட்டின் பின்புறத்திலுள்ள படம் இந்த ஆற்றுக் காட்சியே. பண்டைக் கடலின் அடியில் படிந்த சுண்ணாம்புக் கல் மேலெழும்பி, மழைநீரிலுள்ள மெல்லிய அமிலத்தால் கோடிக்கணக்கான ஆண்டுகள் கரைந்து கரைந்து எஞ்சி நிற்பவை இக்குன்றுகள். மழை கரைத்த அதே சுண்ணாம்பு குகைகளுக்குள் சொட்டுச் சொட்டாக வடிந்து விழுதுகளாகி நிற்கிறது. புல்லாங்குழல் நாணற் குகைக்குள் தாங் காலத்து யாத்திரிகர் எழுதிய எழுத்துக்கள் உள்ளன. உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2007இல் சேர்க்கப்பட்ட தென்சீனச் சுண்ணாம்பு நிலத்தொகுதியுடன் குயிலின் 2014இல் இணைக்கப்பட்டது.

குயிலினுக்கு அருகே லிங் என்னும் சிறு கால்வாய் உண்டு. நீளம் 36 கிலோமீட்டர்தான். மண் சேனை வைத்த அதே சின் ஷி ஹுவாங் தென்னாட்டுப் படைக்கு உணவு அனுப்புவதற்காக கி.மு. 214இல் வெட்டுவித்தது. வடக்கே ஓடும் ஆற்றையும் தெற்கே ஓடும் ஆற்றையும் இது இணைத்தமையால் யாங்சி ஆற்றுப் படுகையிலிருந்து தென்சீனக் கடற்கரை வரை படகில் செல்ல முடிந்தது. சாவா மருந்து அவ்வரசனைக் காப்பாற்றவில்லை. இந்தக் கால்வாயோ இன்றும் வயலுக்கு நீர் தருகிறது.

ஹாங்சோ

தென் சொங் வம்சத்தின் தலைநகரம். இங்குள்ள மேற்கு ஏரியை 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நகரை நிர்வகித்த கவிஞர் சு தொங்போ தூர்வாரி, அந்தச் சேற்றைக் கொண்டே ஏரியின் குறுக்கே நீண்ட வரம்பு ஒன்றை அமைத்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. மாலை நேரத்தில் வயோதிபர்கள் அதன் மேல் உலாவுவதைக் கண்டால் மனதுக்கு இதமாயிருக்கும். பெய்ஜிங்கிலிருந்து வரும் பெருங்கால்வாய் முடிவதும் இவ்வூரில்தான்.

ஏரிக்கு அப்பால் லிங்யின் ஆலயம். 328இல் பாரத நாட்டிலிருந்து வந்த துறவி ஒருவரால் நிறுவப்பட்டது என்பது அவ்வாலய மரபு. ஹுய்லி என்ற சீனப் பெயரால் அவரை அழைக்கிறார்கள். எதிரேயுள்ள குன்றைக் கண்டதும், 'இது எங்கள் நாட்டுக் கழுகுமலையல்லவா, எப்போது இங்கு பறந்து வந்தது?' என்று அவர் வியந்தாராம். அதனால் அதற்குப் 'பறந்து வந்த சிகரம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. புதிய நாட்டில் ஒரு குன்றைப் பார்த்துத் தன் ஊர்க் குன்றென்று எண்ணிய அந்த மனிதரின் மனநிலை, இந்நாட்டில் குடியேறிய நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்ததுதான். இந்த ஆலயத்திலும் வேறு பல பௌத்த ஆலயங்களிலும் நல்ல சைவச் சாப்பாடு கிடைக்கும் என்பது அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

சுவான்சோ

பெரும்பாலான பயண நிரல்களில் இந்த நகரம் இருப்பதில்லை. நாங்கள் கூட்டத்தை விட்டு ஷியாமென் வழியாக இரண்டு நாட்கள் தனியே சென்றோம். மார்க்கோ போலோ 'ஸைத்தூன்' என்று எழுதிய மாபெரும் துறைமுகம் இது. 2021இல் இதன் 22 இடங்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. ஸியானில் மண் சேனை வெளிப்பட்ட அதே 1974இல், இந்நகரத்து வளைகுடாச் சேற்றிலிருந்து சொங் காலத்துக் கப்பல் ஒன்று தோண்டியெடுக்கப்பட்டது. அதில் மிளகும் வாசனைக் கட்டைகளும் சாம்பிராணியும் இருந்தன.

தமிழர் இங்கு வந்தது தற்செயலன்று. சோழ நாட்டுத் தூதுக் குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சொங் பேரரசின் அவைக்கு வந்தமையைச் சீன வரலாற்றேடுகள் பதிந்துள்ளன. 1077இல் வந்தவர்கள் 72 பேர். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் கணத்தார் 1088இல் சுமத்திராவின் பாருசில் பொறித்த தமிழ்க் கல்வெட்டும் கிடைத்துள்ளது. அந்தக் கடல்வழியின் கிழக்கு முனை சுவான்சோ.

இங்கு கண்டெடுக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்றின் காலம் சகம் 1203, சித்திரை மாதம், சித்திரை நாள், அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்திகள், கானின் ஆணைப்படி, கானின் திருமேனி நலமாயிருக்கும் பொருட்டு, திருக்கதலீஸ்வரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்று அது கூறுகிறது. கீழே ஒரு வரி சீன எழுத்து. அந்தக் கான், மங்கோலியப் பேரரசன் குப்ளாய் என்று ஆய்வாளர் கொள்வர். மங்கோலியர் இத்துறைமுகத்தைப் பிடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆட்சி மாறிய ஊரில், புதிய அரசனின் ஆரோக்கியத்துக்காகச் சிவனுக்குக் கோயில் எடுத்தவர்கள் எவ்வளவு நிதானம் உள்ள குடியேறிகள் என்பதை எண்ணிப் பாருங்கள். கானின் ஆணை கிடைத்திருக்கிறது என்றால் அதற்காக எவரோ மனு எழுதி, அதிகாரிகளிடம் நடையாய் நடந்திருக்க வேண்டும். நமது கோயிலுக்கு நகரசபை அனுமதி பெற அலைந்த மூத்த அங்கத்தவர்களுக்கு இது புதிய கதையல்ல.

அந்தக் கோயில் இன்று இல்லை. அதன் கற்கள் உள்ளன. 686இல் நிறுவப்பட்ட கைய்யுவான் என்னும் பௌத்த ஆலயத்தின் பிரதான மண்டபத்துக்குப் பின்புறம் சென்றால் பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு கற்றூண்களைக் காணலாம். அவற்றில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர், மருத மரங்களுக்கிடையில் கண்ணன், யானையைக் காக்க வந்த திருமால் ஆகியோர் செதுக்கப்பட்டுள்ளனர். மண்டபத்து மேடையின் அடிவரிசையில் சிங்க உருவங்கள் கொண்ட 73 கற்பலகைகள். இவ்வூர்க் கடல்சார் அருங்காட்சியகத்தில் 1934இல் கிடைத்த திருமால் சிலையும், யானை லிங்கத்தை வழிபடும் சிற்பமும், பசு லிங்கத்தின் மேல் பால் சொரியும் சிற்பமும் வைக்கப்பட்டுள்ளன. திருவானைக்காவின் தலபுராணம் அறிந்த எவரும் அந்த யானையின் முன் சிறிது நேரம் நின்றுவிடுவர். அருகிலுள்ள ஒரு கிராமத்தில் நம்மவர் செதுக்கிய தேவி ஒருத்தியைக் குவான்யின் என்று சொல்லி ஊர்மக்கள் ஊதுபத்தி ஏற்றி வணங்குகிறார்கள். தெய்வத்துக்குப் பூசை நின்றுபோகவில்லை, பெயர்தான் மாறிவிட்டது.

என்ன நடந்தது? 1357 முதல் 1366 வரை சுவான்சோவில் பெருங் கலகம் நடந்தது. அதன் முடிவில் அந்நியர் பலர் கொல்லப்பட்டனர். 1368இல் மிங் வம்சம் வந்தது. விரைவில் தனியார் கடல் வாணிபம் தடை செய்யப்பட்டது. கப்பல் வராத துறைமுகத்தில் வணிகர் கோயிலுக்கு வேலை இல்லை. கோயிற் கற்கள் நகர மதிலுக்கும் பிற கட்டடங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. கைய்யுவானில் உள்ள தூண்கள் மிங் காலத்துத் திருப்பணியின்போது அங்கு சென்றிருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

20ஆம் நூற்றாண்டில் நகர மதிலை இடித்தபோது இக்கற்கள் மறுபடியும் வெளிவந்தன. அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்துப் பதிவு செய்தவர் வூ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். 1957இல் அவர் சுவான்சோவின் சமயக் கல்வெட்டுக்கள் பற்றிய நூலை வெளியிட்டார். தமிழ் தெரியாத, சைவரல்லாத ஒரு மனிதர் குப்பையில் போகவிருந்த நம் கற்களைப் பொறுக்கி எடுத்து வைத்தார். அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அதே ஊரில் குடியேறிய அரபு, பாரசீக முஸ்லிம்களின் கதை வேறு விதமாக அமைந்தது. 1009இல் எழுந்த அவர்களின் கற்பள்ளிவாசலின் சுவர்களும் வாயிலும் நிற்கின்றன. அருகிலுள்ள சென்தாய் ஊரின் திங் குலத்தார் தலைமுறை தலைமுறையாகக் குல வரலாற்றுப் புத்தகம் எழுதி வந்தமையால் தாங்கள் யார் என்பதை மறக்கவில்லை. அவர்களும் சீன மொழியே பேசினர், சீனரையே மணந்தனர். ஆனால் எழுதி வைத்தனர். நம் வணிகர்களோ, கற்பணிக்குச் செலவிட்டவர்கள், தங்கள் பெயர்களை எழுதவில்லை. கல்வெட்டில் சம்பந்தப் பெருமாள் ஒருவர் பெயர் மிஞ்சியது. பூசை செய்த குருக்கள் யார், திருவிழா எந்த மாதம், எத்தனை குடும்பங்கள், பிள்ளைகளுக்கு எவர் தமிழ் சொல்லிக் கொடுத்தார் என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல ஓர் ஏடும் நம் கைக்கு எட்டவில்லை.

இக்கதைக்கு இலங்கையிலும் ஒரு சாட்சி உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409 என்று காலம் பொறித்துக் கொண்டுவந்த கல் 1911இல் காலியில் கிடைத்தது. கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சீனம் புத்தரையும், தமிழ் தேனாவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாவையும் போற்றுகின்றன. மூவருக்கும் காணிக்கை ஒரே அளவு. சீனப் பேரரசின் சார்பில் தமிழில் கல்வெட்டுப் பொறிக்கத் தெரிந்தவர்கள் அக்காலத்தில் இருந்தனர் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? தேனாவரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தனர். இங்கும் கோயில் போயிற்று, எழுத்து நின்றது.

ஆகவே இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது, சீனம் செல்ல எண்ணும் அன்பர்கள் தங்கள் பயண நிறுவனத்திடம் சுவான்சோவுக்கு இரண்டு நாட்கள் கேட்டு வாங்குங்கள். ஷியாமெனிலிருந்து விரைவு ரயிலில் அரை மணி அளவில் போய்விடலாம். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிச் சென்று அந்தத் தூண்களைக் காட்டுங்கள்.

இரண்டாவது, நம் சங்கத்துக்கு. ஆரம்பக் கூட்டக் குறிப்புகள், முதற் பூசை நடந்த வாடகை மண்டபத்தின் படங்கள், நிதி தந்தவர்களின் பட்டியல், தமிழ் வகுப்பு ஆசிரியர்களின் பெயர்கள் ஆகியவை இன்று எவருடைய வீட்டு அலுமாரியில் எந்தப் பெட்டியில் உள்ளன என்று எனக்குத் தெரியாது. செயற்குழுவுக்கும் முழுதாகத் தெரியாது என்றே எண்ணுகிறேன். ஆரம்ப அங்கத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதைத் தமிழிலும் இந்நாட்டு மொழியிலும் எழுதி, ஒரு பிரதியைக் கோயிலிலும் மற்றொன்றை நகர நூலகத்திலும் வைக்க வேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதற்கென மூவர் கொண்ட சிறு குழு ஒன்றை அமைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதில் ஒருவராக வேலை செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன்.